சாவிக்கொத்துக்குத் தெரியாத மூன்று பேர்

திண்டுக்கல் மாவட்டத்தில் ரகசியம் காக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் என்று எந்தத் தாளில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் தருவேன். மற்றவர்கள் தங்கள் ரகசியத்தை அடுத்தவரிடமிருந்து காப்பாற்றுவார்கள். சாவிக்கொத்து தன் ரகசியத்தைத் தன்னிடமிருந்தே காப்பாற்றினார். அதனால் எனக்கு வந்த தலைவலிக்கு இன்றுவரை மாத்திரை கிடைக்கவில்லை.

நாகல் நகரில் எங்கள் தெருமுனைக் கல்யாண மண்டபத்துக்கு அவர்தான் மேனேஜர். மாப்பிள்ளை அறை, பெண் அறை, சாமான் அறை, மோட்டார் அறை என்று மண்டபத்தின் அத்தனை சாவிகளும் அவர் இடுப்பில் ஒரே வளையத்தில் தொங்கும். அவர் வருவதற்கு அரை நிமிடம் முன்னால் சத்தம் வந்துவிடும். ரகசிய வாழ்க்கை வாழ நினைத்த ஒரு மனிதருக்குக் கடவுள் மணி கட்டி அனுப்பியிருந்தார்.

மண்டபத்துக்குப் பின்னாலேயே இரண்டு அறை வீடு. அதில் அவரும் மனைவியும் இருந்தார்கள். மகளைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. வீடு முதலாளியுடையது, வேலை இருக்கும்வரை வீடு இருக்கும். வேலை போனால் அன்றைக்கே அடுப்பைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வரவேண்டியதுதான். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் வைத்துக்கொள்ளவில்லை.

நான் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். முகூர்த்த நாட்களில் மண்டபத்து ஆபீஸ் அறையில் உட்கார்ந்து, திருமணப் பதிவு விண்ணப்பத்தை நிரப்பித் தருவது என் ஓய்வுக்காலத் தொண்டு. கழுத்தில் மாலையுடன் வரும் மாப்பிள்ளைக்குத் தன் வீட்டு பின்கோடு தெரியாது. சாட்சிக்கு வந்தவருக்குத் தன் வயது தெரியாது. இவர்களுடன் மல்லுக்கட்டிவிட்டு நிமிர்ந்தால், எதிரே சாவிக்கொத்து எதுவும் தெரியாத முகத்துடன் நிற்பார். அந்த முகத்தை நான் பல வருடம் நம்பினேன்.

அந்த நாட்களில் முகநூலில் மூன்று பேரை நான் தவறாமல் படித்துவந்தேன்.

முதலாமவர் 'கடைசிப்பந்தி'. இவர் கல்யாணச் சாப்பாட்டை விமர்சிப்பவர். எங்கள் மாவட்டத்துச் சமையல் மாஸ்டர்கள் வெந்நீர் அண்டாவுக்குப் பயப்பட்டதைவிட இவருக்குப் பயந்தார்கள். ஒரு கல்யாணத்தைப் பற்றி, "இலை போட்டார்கள். தண்ணீர் தெளித்தார்கள். அத்துடன் விருந்து இனிதே முடிந்தது" என்று எழுதினார். இன்னொன்றைப் பற்றி, "சாம்பாரில் முருங்கைக்காயைத் தேடினேன். முதல் பந்தியில் அதைப் பார்த்ததாக ஒரு பெரியவர் சொன்னார்." படம் ஒன்றுதான் இருக்கும்: ஓர் இலை. ஆள் இருக்காது, மண்டபத்தின் பெயர் இருக்காது. ஆனால் யார் வீட்டுக் கல்யாணம் என்பது வடமதுரை வரை தெரிந்திருக்கும்.

இரண்டாமவர் 'நிலாமுகி'. நிலக்கோட்டைப் பக்கத்துக் கவிஞர். மல்லிகை, மழை, தனிமை ஆகிய மூன்றையும் எந்த வரிசையில் வேண்டுமானாலும் வைத்துக் கவிதை எழுதுவார். மூன்றாமவர் 'டாக்டர் வேலன், டல்லாஸ்'. அமெரிக்காவில் இருந்துகொண்டு நம் ஊர்ச் சாக்கடைகளைப் பற்றிக் கவலைப்படுபவர்.

ஒருநாள் எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் கிடையாது. அன்று கடைசிப்பந்தி எழுதவில்லை. நிலாமுகிக்கும் கவிதை வரவில்லை. டாக்டர் வேலன், முந்தின நாள் யாரோ அவரைத் திட்டியிருந்தும், பதில் சொல்லவில்லை. மாலை ஐந்து பத்துக்கு மூவரும் உயிர் பெற்றார்கள். அடுத்த மாதம் பராமரிப்பு நாளிலும் அதே கதை. மூன்றாவது மாதம் நான் தாளில் கோடு போட்டு எழுதியே வைத்தேன். முப்பத்து நான்கு வருடம் போலிப் பத்திரம் பிடித்தவனுக்கு இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? எங்கள் தெருவில் இவ்வளவு நேரம் சும்மா உட்காரக்கூடிய ஆள் யார் என்பதுதான் மிச்சம். அதற்கும் அதிக நேரம் ஆகவில்லை.

மறுநாள் சாமான் அறைக்குப் போனேன். சாவிக்கொத்து அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா, டல்லாஸுக்கும் நாகல் நகருக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரா?"

அவர் எழுந்தார். சாவிகள் அலறின. "அண்ணே, மொதல்ல கதவச் சாத்துங்க."

கதவைச் சாத்தினேன். அன்று தெரிந்துகொண்டதை நான் தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கலாம்.

மூன்று பேருக்கும் தனித்தனி இடம். கடைசிப்பந்தி எழுதுவது அரிசி மூட்டை மேல் மட்டும். நிலாமுகி மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில். டாக்டர் வேலன் எழுதுவது மாப்பிள்ளை அறையில், ஏ.சி.யை முழுதாகப் போட்டுக்கொண்டு.

"அங்கிட்டுக் குளிருமுல்லண்ணே. வேர்த்துக்கிட்டு எழுதுனா பேச்சுல திண்டுக்கல் வந்துருது."

"வந்துருச்சேய்யா! போன மாசம் ஒருத்தர் அங்க எப்படி இருக்குன்னு கேட்டதுக்கு, வெயிலு மண்டையப் பொளக்குதுன்னு எழுதியிருந்தயே! டல்லாஸ்ல அன்னைக்குப் பனி!"

"அன்னைக்கு ஏ.சி. ரிப்பேருண்ணே" என்றார் வருத்தத்துடன்.

சட்டையும் தனித்தனி. எழுத்து நடையும் தனித்தனி. ஒருவர் வாங்கிய பாராட்டை இன்னொருவர் பார்க்கக் கூடாது. தன் போனில் உள்ள சிம் தன் சொந்தப் பெயரில் வாங்கியது என்பதால் அதன் இணையத்தைத் தொடவே மாட்டார்; மண்டபத்து வைஃபை மட்டும்தான். அது முதலாளி பெயரில் இருக்கிறதே என்று கேட்டேன். "அதான் பாதுகாப்புண்ணே, எம் பேர்ல இல்லையே" என்றார். முகூர்த்தம் இல்லாத நாளில் ஜெனரேட்டர் ஓடாது என்பதை மட்டும் அவருடைய பாதுகாப்பு ஏற்பாடு கணக்கில் எடுக்கவில்லை.

பதிவுத் துறையில் இதற்கெல்லாம் எளிய வழி உண்டு. இன்னார் 'என்கிற' இன்னார் என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுவோம். இடப்பக்கம் ஒரு பெயர், வலப்பக்கம் ஒரு பெயர், ஆள் ஒன்று. இதைச் சொன்னபோது சாவிக்கொத்து முகம் சுளித்தார். "அதெப்படிண்ணே, சம்பந்தமில்லாத ஆளுகள ஒண்ணா எழுதுவீங்க?"

இத்துடன் போயிருந்தால் பரவாயில்லை. ஒரு பெயரில் தெரிந்துகொண்டதை இன்னொரு பெயர் அறியக் கூடாது என்பது அவர் சட்டம். சொந்தப் பெயரும் அதற்கு விலக்கில்லை.

எனக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்ததை முகநூலில் போட்டிருந்தேன். நிலாமுகி உடனே எட்டு வரியில் நலம் வாழ்த்தினார். மறுநாள் கறுப்புக் கண்ணாடியுடன் வாசலில் நின்ற என்னைப் பார்த்து, அதே மனிதர், "என்னண்ணே, கூலிங் கிளாஸெல்லாம் பலமா இருக்கு? ஊட்டிக்கா?" என்றார்.

"யோவ், நேத்துத்தானேய்யா எட்டு வரி எழுதுன!"

"அது அந்தம்மாவுக்குத் தெரியும்ணே. எனக்கு யாரும் சொல்லலையே. சொல்லுங்க, கண்ணுக்கு என்ன?"

சொன்னேன். வேறு வழியில்லை. முழுவதையும், சொட்டு மருந்தின் வேளை உட்பட, முதலிலிருந்து சொன்னேன். அவரும் புதிதாகக் கேட்பதைப் போலப் பதறினார்.

முதலாளியின் சித்தப்பா இறந்தபோது இன்னும் மோசம். செய்தி முகநூல் முழுக்க ஓடுகிறது. டாக்டர் வேலன் டல்லாஸிலிருந்து இரங்கல் தெரிவித்துவிட்டார். சாவிக்கொத்து மட்டும் மண்டபத்து வாசலில் அமைதியாகக் கோலப்பொடி டப்பாவை அடுக்கிக்கொண்டிருந்தார், நேரில் யாராவது வந்து சொல்லட்டும் என்று. சொல்லி அனுப்பி அவர் போய்ச் சேர்ந்தபோது தேர் கிளம்பிவிட்டது. முதலாளி என்னிடம் தலையில் அடித்துக்கொண்டார்: "பாருங்க ரிஜிஸ்டார் சார், ஊரே போன்ல கெடக்கு. இவனுக்கு அதுல ஹலோ சொல்ல மட்டுந்தான் தெரியும்."

நிலாமுகிக்கு வேடசந்தூரிலிருந்து மனைவியை இழந்த ஒருவர் பதில் கவிதைகள் எழுத ஆரம்பித்ததையும் சொல்லவேண்டும். பதறிப்போய் என்னிடம் வந்தார் சாவிக்கொத்து. கணக்கை மூடிவிடு என்றேன். மனம் வரவில்லை. அன்று மாலை நிலாமுகி, கப்பலில் வேலை பார்க்கும் தன் கணவருக்கு ஒரு கவிதை எழுதினார். வேடசந்தூர்க்காரர் ஓய்ந்தார். எனக்குத்தான் தூக்கம் கெட்டது.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது முதலாளி வீட்டுக் கல்யாணம் வந்தது. மகன் கல்யாணம், சொந்த மண்டபம். நான் முதல் பந்தியில் முதலாளிக்குப் பக்கத்து இலையில் சாப்பிட்டேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. மறுநாள் காலை கடைசிப்பந்தி எழுதியிருந்தார்:

"மாப்பிள்ளை வீட்டாருக்கு மண்டபம் சொந்தம், அடுப்பு சொந்தம், அண்டா சொந்தம். கடைசிப் பந்திக்குப் பாயசம் மட்டும் இல்லை. வெந்நீருக்கு வெல்லத்தைக் காட்டி எடுத்துவந்து ஊற்றினார்கள். மேளம் வாசித்தவரும் பாத்திரம் துலக்கிய அம்மாவும் அதைக் குடித்துவிட்டு மணமக்களை வாழ்த்தினார்கள்."

மதியத்துக்குள் அது சம்பந்தி வீட்டு வாட்ஸ்அப்பில் போய் விழுந்தது. சம்பந்தி முதலாளிக்குப் போன் செய்து, "பாயசத்துக்குப் பால் எங்க வீட்லருந்து அனுப்பியிருக்கலாமே" என்று விசாரித்தாராம். முதலாளி போனை வைத்துவிட்டு நேராக மண்டபத்துக்கு வந்தார். பேசியபோது மண்டபமே கேட்டது.

"எவன்னு மட்டும் தெரியட்டும்! என் சோத்தத் தின்னுட்டு என்னையவே எழுதுறான்! வேலைக்காரனா இருந்தா அன்னைக்கே சாமான் சட்டியோட ரோட்டுல நிப்பான்!"

கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர்கள் பதினோரு பேர். எல்லோரையும் மறுநாள் வரச் சொன்னார். விசாரணை நடத்த ஆள் வேண்டுமே? துறை விசாரணை பல நடத்திய அனுபவசாலி தெருவிலேயே இருக்கிறாரே. என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

நான் நேராகச் சாமான் அறைக்கு ஓடினேன்.

"அறிவிருக்காய்யா உனக்கு? முதலாளி வீட்டுக் கல்யாணத்தையா எழுதுவ?"

"கடைசிப்பந்திக்கு முதலாளி கெடையாதுண்ணே. அது யாரு வீட்டுக் கல்யாணம்னு நான் அவருகிட்டச் சொல்லல."

"நாளைக்கு உன்னக் கேட்டா என்ன சொல்லுவ?"

"கேட்டா நான்தான்னு சொல்லிருவேன்."

நான் அரிசி மூட்டையிலேயே உட்கார்ந்தேன். "மூணு பொய்ப் பேர் வச்சிருக்க. ஒரே ஒரு பொய், மூணே எழுத்து, 'இல்லை'ன்னு சொல்ல வராதா?"

"எம் பேர்ல நான் பொய் சொன்னதில்லைண்ணே. அந்த மூணு பேரும் சொன்னதில்ல. நிலாமுகி என்னைக்காச்சும் பொய் சொல்லியிருக்காளா?"

"கப்பல்ல புருசன்?"

சாவி வளையத்தை ஒருமுறை சுற்றினார். "அது அவ குடும்ப விசயம்ணே."

"சரி, கடைசிப்பந்திய நிறுத்தித் தொலை. ஒரு ஆறு மாசம் எழுதாத. மறந்துருவாங்க."

அப்போதுதான் அவர் முகம் மாறியது. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இத்தன வருசமா கடைசிப் பந்தியிலதாண்ணே சாப்பிடுறேன். சாமான் அறையப் பூட்டிட்டு வந்தா அம்புட்டும் தீர்ந்திருக்கும். தொட்டுக்க வெஞ்சனம் இருக்காது, ரசத்துல தண்ணி ஊத்துவாய்ங்க. கேக்க முடியுமா? மேளக்காரரு, டிரைவரு, காய் நறுக்குன பொம்பளைங்க, ஒருத்தரும் கேக்க முடியாது. இப்பத்தான் ரெண்டு வருசமா மாஸ்டருங்க பயந்துக்கிட்டு ஒரு அண்டாவத் தனியா எடுத்து வைக்கிறாய்ங்க. நிறுத்துனா அடுத்த முகூர்த்தத்துலயே பழையபடி ஆயிரும்."

நான் நாற்பது வருடமாக முதல் பந்திக்காரன்.

வீட்டுக்கு வந்து ஒரு முடிவு எடுத்தேன். அவரால் பொய் சொல்ல முடியாது. ஆகவே அவரிடம் அந்தக் கேள்வியே போகக் கூடாது. நடைமுறை தெரிந்தவனுக்கு இது பெரிய வேலையில்லை. முப்பத்திரண்டு கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தயாரித்தேன். தந்தை பெயர், வயது, உட்கார்ந்த இலை தெற்கு நோக்கியதா வடக்கு நோக்கியதா, ரசம் எத்தனை முறை வாங்கினீர், கையில் வாங்கினீரா சோற்றிலா. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, இரண்டு சாட்சி, மூன்று நகல். இந்த வேகத்தில் போனால் விசாரணை அடுத்த தை மாதம் முடியும். அதற்குள் முதலாளிக்குப் பேரன் பிறந்துவிடுவான்.

காலை பத்து மணிக்கு ஆரம்பித்தேன். இரண்டாவது சாட்சியான மேளக்காரர் பத்தொன்பதாவது கேள்வியில் கண்ணயர்ந்துவிட்டார். மூன்றாவது ஆள் வீடியோக்காரர். அவர் தன் தாத்தா பெயரை யோசித்துக்கொண்டிருந்தபோது முதலாளி நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார்.

"ரிஜிஸ்டார் சார், வில்லங்கச் சான்றிதழா போட்டுக்கிட்டு இருக்கீங்க? நகருங்க செத்த நேரம். நான் கேக்குறேன்."

"குற்றச்சாட்டுக் குறிப்பாணை வழங்காமல் நேரடியாகக் கேட்பது விதிகளுக்குப் புறம்பானது" என்றேன்.

"எம் மண்டபத்துல நான்தான் விதி."

வரிசையாக நிற்கவைத்தார். விரலை நீட்டினார். "நீயா?" "இல்லைங்க மொதலாளி." "நீயா?" "சத்தியமா இல்லைங்க." பாத்திரம் துலக்கும் அம்மாவிடம் வந்தார். அவர், "எனக்கு எழுதத் தெரிஞ்சா நான் எதுக்குய்யா சட்டி கழுவுறேன்?" என்றார். விரல் நகர்ந்தது. கடைசியில் நின்றவர் சாவிக்கொத்து. நிமிர்ந்து நின்றார். நெற்றியில் வியர்வை. வாயைத் திறந்து தயாராக வைத்திருந்தார், உண்மை பேசுவதற்கு. அவருக்குப் பின்னால், ஜன்னல் வழியாக, அவர் மனைவி வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தது தெரிந்தது.

நான் எழுந்துவிட்டேன்.

"நிறுத்துங்க. அது நான்தான்."

பணியில் இருந்த காலத்தில் ஒரு பொய்ச் சாட்சியையும் நான் ஏற்றதில்லை. ஓய்வு பெற்றபின் நானே ஒன்றாக நின்றேன்.

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களா? சார், நீங்க மொதப் பந்தியில எம் பக்கத்துலதான உக்காந்தீங்க?"

இதை நான் யோசித்திருக்கவில்லை. விசாரணை அதிகாரி என்ற முறையில் வெட்கப்படவேண்டிய ஓட்டை. ஒரே ஒரு வழிதான் இருந்தது.

"கடைசிப் பந்தியிலும் உட்கார்ந்தேன்" என்றேன்.

நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்த மேளக்காரர்கூட விழித்துக்கொண்டார். முதலாளியின் கோபம் என் கண் முன்னால் வடிந்து, அந்த இடத்தில் இரக்கம் வந்து உட்கார்ந்தது. கோபமே பரவாயில்லை.

"சார்... வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கேரியர்ல கட்டியே குடுத்திருப்பேனே."

அன்று மாலைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. சார்பதிவாளராக இருந்தவர், அறுபத்தொன்பது வயது, சர்க்கரை நோயாளி, ஒரே கல்யாணத்தில் இரண்டு பந்தி சாப்பிட்டுவிட்டு, இரண்டாவது சரியில்லை என்று எழுதியும் போட்டுவிட்டார். என் மனைவி கதவைத் திறந்தவுடன் கேட்ட முதல் கேள்வி: "பாயசம் குடிச்சீங்களா?"

"பாயசம் இல்லைன்னுதானே எழுதியிருக்கு?"

"அப்ப இருந்திருந்தா குடிச்சிருப்பீங்க."

மறுநாள் சாவிச் சத்தம் வாசலில் கேட்டது. நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, அதெல்லாம் எதற்கு என்று சொல்வதற்கான முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

"அண்ணே, அடுத்த புதன் முகூர்த்தம். யாரு எழுதுறது? நீங்களா, நானா?"

"நீயே எழுதித் தொலைய்யா!"

"இப்ப அது உங்க பேரா ஆயிருச்சுல்ல. நான் எழுதுறதுக்கு ஒரு அனுமதி எழுத்துல குடுத்துருங்க. நாளப்பின்ன பிரச்சினை வரக்கூடாது."

கொடுத்தேன். தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, நகல் ஒன்று நானும் வைத்துக்கொண்டேன்.

அந்தப் புதன்கிழமை முதலாளி சமையல் மாஸ்டரைக் கூப்பிட்டு எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "ரிஜிஸ்டார் சார் ரெண்டாவது ரவுண்டு வருவாரு. கடைசிப் பந்திக்கு ஒண்ணும் கொறையக் கூடாது." குறையவில்லை. பாத்திரம் துலக்கும் அம்மா அன்று பாயசம் இரண்டு டம்ளர் வாங்கினார். நான் ஆபீஸ் அறையில் பின்கோடு எழுதிக்கொண்டிருந்தேன்.

சாவிக்கொத்து இந்த வருடம் வேலையை விட்டுவிட்டு, அகரத்தில் மகள் கட்டிய வீட்டுக்குப் போய்விட்டார். இனி அவரை யாரும் வெளியேற்ற முடியாது என்பதால்தான் இதை எழுதுகிறேன். அனுமதி கேட்டபோது, "எழுதுங்கண்ணே, பேரு மட்டும் வேணாம்" என்றார். ஆகவே இயற்பெயரைக் கேட்டு ஆசிரியருக்குக் கடிதம் போட வேண்டாம்.

போன மாதம் அகரத்தில் ஒரு கல்யாணம். இருவரும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்தோம். பரிமாற வந்தவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, வாளியைக் கீழே வைத்துக் கும்பிட்டார். "ஐயா, கடைசிப்பந்தி நீங்கதானுங்களே? எங்கம்மா சமையல் வேலைக்குத்தான் போகும். உங்க பேரச் சொல்லாம சாப்பிடாது."

நான் திரும்பிப் பார்த்தேன். பக்கத்து இலைக்காரர் குனிந்து, சோற்றைப் பிசைவதில் தீவிரமாக இருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

"ஆமாப்பா, நான்தான்" என்றேன்.

அவர் போனதும், பக்கத்து இலையிலிருந்து ஓர் அப்பளம் சத்தமில்லாமல் நகர்ந்து என் இலைக்கு வந்தது. அப்பளத்தைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகிறது. அதைக் கடைசித் துண்டு வரை சாப்பிட்டேன்.